புயல் வருதுன்னா ஊர்ல இருக்குற பெரியவங்களை வீட்டுலயே இருக்கச் சொல்றதா, கிளப்பி அனுப்புறதா?

நவம்பர் பொறந்துட்டா சிங்கப்பூர்ல இருக்குற டெல்டாக்காரங்க போன்ல திரும்பத் திரும்ப ரெண்டு விஷயம்தான் பாப்போம், வின்டி ஆப்ல அந்தச் சுழி எங்க நிக்குது, நாகை துறைமுகத்துல எத்தனாம் நம்பர் கூண்டு ஏத்திருக்காங்க. நாம இருக்குற இடத்துக்கு புயல் பயம் கிடையாது, பூமத்திய ரேகைக்கு இவ்வளவு கிட்ட காத்து சுழன்று வலுவாகுறது ரொம்ப அபூர்வம், 2001 டிசம்பர் 27ஆம் தேதி வாமெய்னு ஒண்ணு இங்கிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி ஜோகூர்ல கரையேறுச்சு, அதோட சரி. விடியக்காலைல சுமத்ரா பக்கமிருந்து ஒரு காத்து மழை வரும், ஒரு மணி ரெண்டு மணி நேரத்துல அடங்கிடும், நாம குடையை எடுத்துக்கிட்டு எம்ஆர்டி ரயிலுக்கு நடந்துருவோம். ஆனா பொறந்த வீடு வேதாரண்யத்துலயோ முத்துப்பேட்டையிலயோ பேராவூரணியிலயோ இருக்கு, அங்க அப்பாவும் அம்மாவும் தனியா இருக்காங்க, "என்னப்பா பண்றது, இருக்கவா கிளம்பவா"ன்னு நாலு மணி நேர ஃப்ளைட் தூரத்துல இருக்குற நம்மகிட்டதான் கேக்குறாங்க. கேக்காதவங்களும் இருக்காங்க, அவங்களுக்குத்தான் நாம ரொம்ப யோசிக்கணும்.

இந்த முடிவைப் பத்தி கொஞ்சம் விரிவா எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டிருந்தேன், ஏன்னா ஒவ்வொரு தடவையும் எல்லா வீட்லயும் ஒரே சண்டைதான் நடக்குது. சென்னைல இருக்குற அண்ணன் கிளம்புங்கறாரு, துபாய்ல இருக்குற தம்பி அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்கறான், நாம இங்க டார்மிட்டரிலயோ ஹெச்டிபி அடுக்குமாடி வீட்லயோ உக்காந்துகிட்டு டிவிக்காரன் சொல்ற காத்து வேகத்தை வச்சு பயந்துகிட்டிருக்கோம். நான் மொதல்லயே என் கருத்தைச் சொல்லிடுறேன். காத்து மணிக்கு எத்தனை கிலோமீட்டர்ங்கற ஒரு நம்பரை மட்டும் வச்சு இந்த முடிவை எடுக்கவே கூடாது. வீடு எவ்வளவு தாழ்வுல இருக்கு, மேல என்ன கூரை, உள்ள யாரு இருக்கா, இருட்ட இன்னும் எத்தனை மணி நேரம் இருக்கு, இந்த நாலும்தான் முடிவைச் சொல்லும். அப்படிப் பாத்தா பெரும்பாலான வீட்டுக்கு பதில் "இருங்க"வும் கிடையாது "திருச்சிக்குப் போங்க"வும் கிடையாது, அதே ஊர்ல கொஞ்சம் மேடான இடத்துல இருக்குற நல்ல காங்கிரீட் கட்டடத்துக்கு பகல்லயே போயிடுறதுதான்.

ஏன் காத்து நம்பரை மட்டும் நம்பக் கூடாதுன்னு சொல்றேன். அமெரிக்காவுல புயல்ல செத்தவங்களை 1963லேருந்து 2012 வரைக்கும் ஐம்பது வருஷத்துக்கு கணக்கெடுத்துப் பாத்தாங்க, கிட்டத்தட்ட பாதிப் பேரு கடல் தண்ணி ஏறி செத்திருக்காங்க, கால்வாசிப் பேரு மழை வெள்ளத்துல, நேரடியா காத்தால போனவங்க ரொம்பக் கம்மி. அதனாலதான் அங்க தண்ணி வர்ற இடத்துல இருக்குறவங்களை மட்டும் மண்டலம் மண்டலமா பிரிச்சு கிளப்புறாங்க, காத்து மட்டும் அடிக்கிற இடத்துல நல்ல வீடா இருந்தா உள்ளயே இருக்கச் சொல்றாங்க. நம்ம பக்கத்துக்கு இதை அப்படியே எடுத்துக்க முடியாது, ஏன்னா நம்ம ஊர் வீடுங்க வேற மாதிரி. கூரை வீடு, ஓட்டு வீடு, ஷீட் போட்ட வீடு இன்னும் நிறைய இருக்கு, 2018 கஜா புயல்ல சுவர் இடிஞ்சும் மரம் விழுந்தும் போன உயிர் நிறைய. அதனால நமக்கு தண்ணி, கூரை ரெண்டையும் சேர்த்துத்தான் பாக்கணும்.

புயலோட பேருக்கு முன்னாடி போடுற பட்டத்தைப் பாத்து ஏமாறுறதும் நடக்குது. 62 கிலோமீட்டரைத் தாண்டினா புயல், 118ஐத் தாண்டினா மிகத் தீவிரப் புயல்னு வானிலை மையம் பிரிச்சு வச்சிருக்கு, இது காத்துக்கு மட்டும்தான், மழைக்குக் கிடையாது. 2024 நவம்பர் 30ல ஃபெஞ்சல் புதுச்சேரிகிட்ட கரையேறினப்ப அது சாதாரணப் புயல்தான், ஆனா நகராம அங்கயே நின்னுருச்சு, விழுப்புரம் மாவட்டம் மயிலத்துல ஒரே நாள்ல 50 செ.மீ. கிட்ட கொட்டுச்சு, தென்பெண்ணை பெருக்கெடுத்துச்சு, கடலுக்கு ரொம்ப தூரத்துல இருக்குற திருவண்ணாமலைல மலை சரிஞ்சு ஒரு வீட்டு மேல விழுந்து ஏழு பேர் போயிட்டாங்க. அதுக்கு முந்தின வருஷம் மிக்ஜாம் கரையேறினது ஆந்திரா பாபட்லா பக்கம், முங்கினது சென்னை. அப்ப நம்ம ஊர்ல கரையேறலன்னு சொல்றதும், சின்னப் புயல்தான்னு சொல்றதும் இருக்கலாம்ங்கறதுக்கு காரணமே ஆகாது. காத்தைப் பத்தியும் ஒண்ணு தெரிஞ்சுக்கங்க, வேகம் ரெண்டு மடங்கானா அது சுவத்துல தள்ளுற பலம் நாலு மடங்கு ஆகும், அதனால 60ஐப் பாத்த அனுபவத்தை வச்சு 120 எப்படி இருக்கும்னு யாராலயும் ஊகிக்க முடியாது.

இப்ப வீட்டுலயே இருக்குறதைப் பத்தி. இதை முட்டாள்தனம்னு நான் சொல்ல மாட்டேன். தளம் போட்ட வீடு, ரோட்டை விட ரெண்டு மூணு படி உசரத்துல அடித்தளம், கடல் கழிமுகம் ஆறு வாய்க்கால் எதுவும் பக்கத்துல இல்ல, விழுந்தா வீட்டைத் தொடுற தூரத்துல தென்னை மரம் இல்ல, இப்படி இருந்தா அந்த வீடுதான் அந்தத் தெருவுக்கே பாதுகாப்பான இடம், அங்கிருந்து கிளம்புறது வேண்டாத வேலை. படுத்த படுக்கையா இருக்குற பாட்டியை மழைல ஆட்டோவுல ஏத்தி இறக்குறதுல இருக்குற ஆபத்து, அந்த வீட்டுக்குள்ள இருக்குறதுல இருக்குற ஆபத்தை விட அதிகம்னா இருக்கட்டும். ஆனா இந்த நாலு நிபந்தனைல எத்தனை நம்ம வீட்டுக்குப் பொருந்துதுன்னு நேர்மையா பாக்கணும். பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் வீட்டைச் சுத்தி தென்னை இல்லாத வீடு எங்க இருக்கு, மரம் கிட்டத்தட்ட வீட்டை விட ரெண்டு மூணு மடங்கு உசரம், எந்தப் பக்கம் காத்து தள்ளுதோ அந்தப் பக்கம் விழும். முன்னாடியே இளநீ தேங்காயெல்லாம் இறக்கி, கீழ் மட்டைங்களை வெட்டிவிட்டா மரம் கொஞ்சம் தாங்கும்னு வேளாண்மைத் துறைக்காரங்க சொல்றது உண்மைதான், ஆனா அதை நாளைக்கு ராத்திரி புயல்னு இன்னைக்குச் சொன்னா ஏற ஆள் கிடைக்க மாட்டாங்க.

ஓட்டு வீடு, ஷீட் வீட்டைப் பத்தி தனியாச் சொல்லியாகணும், ஏன்னா "ஐம்பது வருஷமா நிக்குது இந்த வீடு"ன்னு பெரியவங்க சொல்றப்ப நமக்கு பதில் தெரியணும். கூரை எப்படிப் போகுதுன்னா, மொதல்ல ஓரத்துல தாழ்வாரத்து ஓடு ரெண்டு மூணு தூக்கும், அந்த இடைவெளில காத்து பூரும், இல்லன்னா ஒரு கதவோ ஜன்னலோ தாழ்ப்பாள் தெறிச்சு தொறந்துக்கும், அப்ப காத்து வீட்டுக்குள்ளயே வந்து கூரையைக் கீழேருந்து மேல தள்ளும், வெளிக் காத்து மேலருந்து இழுக்கும். குடைக்குள்ள காத்து பூந்தா திருப்பிப் போட்டுரும் பாருங்க, அந்தக் கதைதான். கூரை போன அடுத்த நிமிஷம் சுவத்துக்கு மேல பிடிமானம் இல்ல, மண் சுவரு, சுண்ணாம்புச் சுவரு, ஊறிப்போன பழைய தொகுப்பு வீட்டுச் சுவரெல்லாம் அப்பத்தான் சாயுது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் துண்டு துண்டா உடைஞ்சு பறக்கும், தகர ஷீட் பறந்தா அது கத்தி. இந்த மாதிரி வீட்ல யாரையும் இருக்கச் சொல்லவே கூடாது, புயல் கடலூர்ல கரையேறுதோ பாம்பன்ல கரையேறுதோ, நம்ம மாவட்டத்துக்கு எச்சரிக்கை குடுத்துட்டா அந்த வீட்டை விட்டு வெளிய வந்தே ஆகணும், இதுல பேச்சே கிடையாது.

நடுப்புயல் நேரத்துல காத்து திடீர்னு நின்னு வானம் தெளிஞ்ச மாதிரி ஆகும், அது கண்ணுப் பகுதி மேல கடக்குறது, கொஞ்ச நேரத்துல எதிர்த்திசைலேருந்து அதே வேகத்துல மறுபடி அடிக்கும். வீட்ல தங்குறவங்க அந்த அமைதில மாட்டைப் பாக்க, விழுந்த மரத்தைப் பாக்க வெளிய போயிடக் கூடாது. இதை போன்ல ரெண்டு தடவை சொல்லுங்க, பெரியவங்களுக்குத் தெரியும், கூட இருக்குற பசங்களுக்குத் தெரியாது.

இப்ப தூரமா போறது. திருச்சில சித்தப்பா வீடு இருக்கு, தஞ்சாவூர்ல அத்தை இருக்காங்க, கார் வச்சு அனுப்பிடலாம்னு நமக்கு மொதல்ல தோணும், காசு இருக்கு, நமக்கும் நிம்மதி. கடலோரத்துக்கு இது நல்ல வழிதான், ஆனா ரெண்டு நாளுக்கு முன்னாடி போனாத்தான். கஜா வந்தப்ப கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையில எங்கயோ கரையேறும்னு சொன்னாங்க, அவ்வளவு நீளக் கரைல யாரு எங்க ஓடுறது. கடைசில 2018 நவம்பர் 16 நடுராத்திரி தாண்டி நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல ஏறி, அதோட நிக்காம முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை, கறம்பக்குடி, ஆலங்குடி, புதுக்கோட்டைன்னு உள்ளுக்குள்ளயே போயி தென்னை, பலா, வாழை எல்லாத்தையும் சாய்ச்சுட்டு திண்டுக்கல் மலை வரைக்கும் போச்சு. வேதாரண்யத்துலேருந்து பயந்து புதுக்கோட்டை சொந்தக்காரங்க வீட்டுக்குப் போனவங்களுக்கு அங்க கடல் தண்ணி வராதுங்கறதைத் தவிர என்ன லாபம்? கடலை விட்டு தள்ளிப் போறதும் புயல் போற வழியை விட்டு விலகிப் போறதும் ஒண்ணு கிடையாது. மேற்கால போற புயலுக்கு வடக்குப் பக்கம் காத்து கடல்லேருந்து கரைக்கு அடிக்கும், தண்ணியை ஏத்தும், தெற்குப் பக்கம் கரைலேருந்து கடலுக்கு அடிக்கும், அதனால கரையேறுற இடத்துக்கு வடக்குல இருக்குற தாழ்வான கடலோரம்தான் தண்ணிக்கு ரொம்ப மோசம். ஆனா ஒரு நாள் முன்னாடி சொல்ற இடமே ஐம்பது நூறு கிலோமீட்டர் மாறலாம்ங்கறப்ப இந்தக் கணக்கை வச்சு யாரும் சூதாடக் கூடாது.

கடைசி நேரத்துல ஓடுறது எவ்வளவு ஆபத்துன்னு ஹூஸ்டன்ல இருக்குற நம்ம சொந்தக்காரங்களைக் கேட்டா சொல்லுவாங்க. 2005ல கத்ரீனா நியூ ஆர்லியன்ஸை முக்கி நாலு வாரம் கூட ஆகல, ரீட்டான்னு அடுத்தது டெக்ஸாஸ் பக்கம் வருதுன்னதும் இருபது முப்பது லட்சம் ஜனம் ஒரே நேரத்துல காரை எடுத்துக்கிட்டு ரோட்டுக்கு வந்துருச்சு. வெயில், பெட்ரோல் இல்ல, ஹைவேல மணிக்கணக்கா அசையல, முதியோர் இல்லத்துலேருந்து ஆளுங்களை ஏத்திட்டுப் போன பஸ் டல்லாஸ்கிட்ட தீப்பிடிச்சு 23 பேர் போயிட்டாங்க. அந்தப் புயல் கணக்குல செத்த நூறு பேருக்கு மேல பெரும்பாலானவங்க ஓடினதுலதான் செத்தாங்க, காத்து தண்ணில இல்ல. நம்ம ஊர்ல அவ்வளவு பெரிய ஜாம் ஆகாதுதான், ஆனா திருத்துறைப்பூண்டி ரோட்ல ஒரு புளியமரம் குறுக்க விழுந்தா போதும், கார் அங்கயே நிக்கும், அப்பாவும் அம்மாவும் கும்மிருட்டுல மழைல அந்தக் காருக்குள்ள. அதனால காத்து ஆரம்பிச்சப்புறம் தூரமா போற வழியை மறந்துரணும்.

ஒடிசாவைப் பாத்தா கிளம்புறது எவ்வளவு பெரிய விஷயம்னு புரியும். 1999 அக்டோபர் சூப்பர் புயல்ல சுமார் பத்தாயிரம் பேரு போனாங்க. 2013ல ஃபைலின் அதே பக்கம் அடிச்சப்ப முன்கூட்டியே பத்து லட்சம் பேரை நகர்த்தினாங்க, உயிரிழப்பு நூறைக் கூடத் தொடல. அந்தப் பத்து லட்சம் பேரும் வேற ஊருக்குப் போகல, பெரும்பாலும் பக்கத்துல இருக்குற பள்ளிக்கூடம், புயல் பாதுகாப்புக் கட்டடம், இந்த மாதிரி இடத்துக்குத்தான் போனாங்க. நான் பக்கத்து இடம்தான்னு சொல்றதுக்கு இதை விடப் பெரிய சாட்சி தேவையில்ல. நம்ம பக்கமும் கஜாவுக்கு முன்னாடி 80 ஆயிரம் பேருக்கு மேல முகாமுக்குக் கொண்டு போனாங்க, அது இல்லன்னா எண்ணிக்கை வேற மாதிரி இருந்திருக்கும்.

பக்கத்து இடம்னா ரெண்டு இருக்கு, தெரிஞ்சவங்க மாடி வீடு, இல்ல அரசாங்க முகாம். கடலோர மாவட்டத்துல பல்நோக்கு பேரிடர் மையம்னு தூண் வச்சு உசரமா கட்டியிருக்காங்க, அது இல்லாத ஊர்ல ஸ்கூலு, கல்யாண மண்டபம். கட்டடப் பலத்துக்கு முகாம்தான் மேல, சாப்பாடும் டாக்டரும் அங்க வரும், அப்புறம் யாரு எங்க இருக்காங்கன்னு வி.ஏ.ஓ.கிட்ட பேரு இருக்கும், நாம இங்கிருந்து தேடுறப்ப அது பெரிய உதவி. ஆனா பெரியவங்க முகாம்னா ஏன் முகம் சுளிக்கிறாங்கன்னு நாம கேட்டுக்கணும். எங்கம்மா ஒரு தடவை போன்ல சொன்னதை அப்படியே சொல்றேன், "அங்க ரெண்டு கக்கூஸுதான் இருக்கும்ப்பா, நூறு பேரு, நான் ராத்திரில மூணு தடவை எந்திரிக்கணும், முட்டி மடங்காது, யாரைப் போயி எழுப்புறது". இதுக்கு "அதெல்லாம் பாத்துக்கலாம்மா"ன்னு சொன்னா அவங்க கிளம்ப மாட்டாங்க, அவங்க சொல்றது நியாயம். எங்க வீட்ல அதுக்கப்புறம் மேலத்தெருவுல ஒரு மாமா வீட்டு மாடி ரூம்னு முடிவாச்சு, உள்ளயே பாத்ரூம் இருக்கு, மேற்கத்தி டாய்லெட், அதை அம்மாகிட்ட சொன்னதும் அரை மணி நேரத்துல பையைக் கட்டிட்டாங்க. இவ்வளவு நாள் நாங்க காத்து வேகத்தைச் சொல்லிச் சொல்லி பயமுறுத்திக்கிட்டு இருந்தது எதுவும் வேலைக்காகல.

மாடும் அப்படித்தான். "சினை மாட்டை விட்டுட்டு எங்கடா வர்றது"ன்னு கேக்குற அப்பாகிட்ட உசிரு பெருசா மாடு பெருசான்னு கேக்குறது அவமானப்படுத்துறது. கயித்தை அவுத்து மேட்டுக் கொல்லைல விட்டுட்டா மாடு தன்னைப் பாத்துக்கும், கொட்டாய்ல கட்டிப் போட்டு கொட்டாய் விழுந்தாத்தான் சாகும், கட்டுன கயித்தோட முங்கினாத்தான் சாகும். இதைச் சொன்னா கேப்பாங்க, ஏன்னா அவங்களுக்கே தெரிஞ்ச விஷயம்தான், யாராவது ஒத்துக்கிட்டு சொல்லணும். அப்புறம் நகை, பத்திரம், ரேஷன் கார்டு, ஆதார், பேங்க் புக்கு, பாஸ்போர்ட், எல்லாத்தையும் ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு கூடவே எடுத்துக்கிட்டுப் போகட்டும், திருட்டுப் பயத்தாலதான் பாதி ஆம்பளைங்க வீட்டுக் காவலுக்கு நிக்கிறாங்க. பொம்பளைங்களையும் பிள்ளைங்களையும் அனுப்பிட்டு நான் மட்டும் இருக்கேன்னு சொல்ற அப்பாதான் எல்லா வீட்லயும் இருக்காரு, "1977ல அடிச்சதையே பாத்தவன் நான்"னு ஆரம்பிப்பாரு. 77ல நாகப்பட்டினத்துல என்ன நடந்துச்சுன்னு அவரையே சொல்லச் சொல்லுங்க, எத்தனை பேரு போனாங்க, எந்த வீடு நின்னுச்சு, எங்க போயி ஒளிஞ்சாங்கன்னு. பேசப் பேச அவரு வாயிலயே வந்துரும், அன்னைக்குப் பொழைச்சவங்க காரை வீட்லயோ கோயில்லயோ போயி நின்னவங்கதான்னு.

உடம்பு முடியாதவங்க இருந்தா எல்லாக் கணக்கும் மாறுது. டயாலிசிஸ் பண்றவங்க, ஆக்சிஜன் வச்சிருக்கவங்க, நிறைமாசக் கர்ப்பிணி, இவங்களுக்கு நான் சொன்ன பக்கத்து மாடி வீடு பத்தாது. கஜாவுக்கப்புறம் லட்சத்துக்கும் மேல கரண்டு கம்பம் சாஞ்சு சில கிராமத்துல வாரக்கணக்கா கரண்டு வரல, ரோடு தொறக்கவே நாளாச்சு. இவங்களை மட்டும் மொதல் எச்சரிக்கைலயே, வானம் நல்லா இருக்குறப்பவே, தஞ்சாவூரோ திருச்சியோ ஆஸ்பத்திரி இருக்குற ஊருக்கு அனுப்பிடணும், புயல் திரும்பிப் போயிட்டா கார் வாடகை நஷ்டம், போகட்டும். சுகர்க்காரங்களுக்கு அவ்வளவு பதற வேண்டியதில்ல, தொறந்த இன்சுலின் 30 டிகிரிக்குக் கீழ இருந்தா ஏறக்குறைய நாலு வாரம் தாங்கும், மழைக்கால நவம்பர்ல மண்பானைப் பக்கத்துல நிழல்ல வச்சா போதும், ஆனா ரெண்டு மூணு வாரத்துக்கு மாத்திரை மருந்து கைல இருக்கான்னு முன்னாடியே கேட்டுருங்க.

புயல் ஓய்ஞ்சப்புறம் போற உயிர் நிறையங்கறதை யாரும் இந்த முடிவுல சேக்குறதே இல்ல. 2017ல மரியா போர்ட்டோ ரிக்கோவை அடிச்சப்ப மொதல்ல சொன்ன எண்ணிக்கை 64, அப்புறம் ஆராய்ச்சி பண்ணி அரசாங்கமே ஏத்துக்கிட்டது 2,975, கரண்டு இல்லாம, மருந்து கிடைக்காம, ஆஸ்பத்திரி போக முடியாம மாசக்கணக்குல செத்தவங்க அதுல நிறைய. அப்ப "வீடு தாங்கும்"ங்கறது மட்டும் போதாது, வீடு தாங்கினப்புறம் பத்து நாள் அங்க வாழ முடியுமாங்கறதும் கேள்வி. போர்வெல் மோட்டார் ஓடாது, அடிபம்பு எங்க இருக்கு? மாடி சின்டெக்ஸ் டேங்கை முன்னாடியே ரொப்பி வச்சா தண்ணிக்கும் ஆச்சு, காலி டேங்கு மாதிரி பறக்கவும் பறக்காது. ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்தா வீட்டுக்குள்ள வைக்கவே கூடாது, 2020ல லூசியானாவுல லாரா புயல்ல செத்தவங்கள்ல நிறையப் பேரு ஜெனரேட்டர் புகைல போனவங்க, காத்து அவங்களைத் தொடவே இல்ல.

கடைசியா நாம கிளம்பிப் போறது. செய்தி கேட்டதும் மனசு துடிக்கும், லீவு சொல்லிட்டு திருச்சி ஃப்ளைட் பிடிச்சுரலாம்னு. புயலுக்கு முன்னாடி போறதுல எனக்கு உடன்பாடு இல்ல, ஃப்ளைட் ரத்தாகும், நடு வழில சிக்குவோம், போயி சேந்தாலும் அந்த வீட்ல காப்பாத்த வேண்டிய ஆளு ஒண்ணு கூடுது. ஓய்ஞ்சப்புறம் போறதுதான் பெரிய உதவி, ஓடு மாத்த, மரம் அறுக்க, ஆபீஸ் ஆபீஸா நிவாரணத்துக்கு எழுதிக் குடுக்க ஆள் வேணும், அப்பத்தான் நம்ம லீவுக்கு மதிப்பு. ஒர்க் பெர்மிட்ல இருக்குற தம்பிங்களுக்கு லீவு கிடைக்கிறது கஷ்டம்னு தெரியும், அவங்க காசையாவது முன்னாடி அனுப்பிடட்டும். புயலுக்கு அப்புறம் அனுப்புற காசு அக்கவுன்ட்ல கிடக்கும், ஏடிஎம் ஓடாது, டவர் இல்லன்னா ஜிபேயும் ஓடாது, அன்னைக்கு கைல இருக்குற நோட்டுதான் அரிசி, அதனால சிராங்கூன் ரோட்ல பணம் அனுப்புற கடைல போட வேண்டியதை எச்சரிக்கை வந்த அன்னைக்கே போட்டு, எடுத்து கைல வச்சுக்கச் சொல்லுங்க.

நம்மால இங்கிருந்து செய்ய முடியுறதுல முக்கியமானது ஒரே குரலா பேசுறது. அண்ணன் தம்பி அக்கா தங்கச்சி முன்னாடியே பேசி, யாரு சொன்னா அப்பா கேப்பாரோ அவங்க ஒருத்தர் மட்டும் பேசணும், மத்தவங்க வாட்ஸ்ஆப்ல வர்ற பழைய புயல் வீடியோவையெல்லாம் அம்மாவுக்கு அனுப்பாம இருந்தாலே புண்ணியம். நேரத்தையும் கணக்குல வைங்க, நமக்கும் ஊருக்கும் ரெண்டரை மணி நேரம், நாம வேலை முடிஞ்சு ராத்திரி எட்டு மணிக்கு கூப்பிட்டா அங்க சாயங்காலம் அஞ்சரை, நவம்பர்ல கிட்டத்தட்ட இருட்டிருச்சு, மேகம் கட்டுனா அதுக்கு முன்னாடியே. கிளம்பச் சொல்ற போன் நம்ம காலை டீக்கு முன்னாடி போகணும், மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள அவங்க அந்த மாடி வீட்ல இருக்கணும். எட்டாம் நம்பர் கூண்டோ அதுக்கு மேலயோ ஏத்திட்டா அது பெரிய அபாயம், அதுக்குள்ள இடம் மாறி முடிஞ்சிருக்கணும், அதுக்கப்புறம் யோசிக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. முகாம் எது, வண்டி வருதான்னு தெரியலன்னா மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070, இது உள்ளூர்லேருந்து போடுற நம்பர், அதனால அங்க இருக்குற யாராவது ஒரு பையன்கிட்ட சொல்லி போடச் சொல்லணும்.

அப்புறம் டவர் விழுந்துரும், ரெண்டு நாள் மூணு நாள் சத்தமே இருக்காது, அந்த நேரத்துல இங்க உக்காந்திருக்குறது எப்படி இருக்கும்னு கஜாவைப் பாத்தவங்களுக்குத் தெரியும். அதுக்காகவே போறதுக்கு முன்னாடி ஒண்ணு பேசி வச்சுக்கணும், எந்த வீட்டுக்குப் போறாங்க, லைன் வந்ததும் யாரு யாருக்கு மொதல்ல மெசேஜ் போடுறது, போன் போகலன்னா எஸ்எம்எஸ் போட்டுப் பாக்குறது, ஊருக்கு ரெண்டு மூணு ஊரு தள்ளி பைக்ல போயி பாத்துட்டு வரக்கூடிய ஒரு ஆளு யாரு. அந்த ஆளோட நம்பர் உங்க போன்ல இல்லன்னா இந்த ஞாயித்துக்கிழமை அம்மாகிட்ட பேசுறப்ப கேட்டு வாங்கி வச்சுருங்க, அவருக்கும் ஒரு போன் போட்டு நான் இன்னாரு மகன்னு சொல்லி ரெண்டு வார்த்தை பேசி வைங்க.